ஒரே பிராணியோட பல்லு

அதுல தண்ணி இருக்காது மேடம், மூடிடுங்க. பாக்க ஃப்ரிட்ஜ் மாதிரிதான் இருக்கும். கம்ப்ரஸர் போயி அஞ்சு வருஷமாச்சு. கதவு ரப்பர் நல்லா இருக்கு, ஈரம் ஏறாதுன்னு சொல்லி அப்பா அத விக்க விடல. மேல்தட்டுல கல்லாப்போன சுறாப்பல்லு, கீழ்த்தட்டுல கல்லாப்போன முதுகெலும்பு. முட்டை வைக்கிற குழி இருக்குல்ல, அதுல குழிக்கு ஒண்ணா நல்ல பல்லா பாத்து வெச்சிருக்காரு. அந்தக் குழியில பல்லு கச்சிதமா உக்காருதுன்னு கண்டுபிடிச்ச அன்னிக்கு மனுஷன் ரெண்டு தோசை கூடச் சாப்ட்டாரு. இந்தாங்க, தண்ணி. டம்ளர் கழுவினதுதான், பயப்படாதீங்க.

போன் போட்டுப் பிரயோஜனமில்ல மேடம். ஃபேக்டரிக்குள்ள போன் விடமாட்டாங்க, வாசல்லயே லாக்கர்ல வெச்சிட்டுத்தான் உள்ள போவணும். இன்னிக்கு நீங்க வரீங்கன்னு அரைநாள் லீவு எழுதிக் குடுத்திருந்தாரு. காலையில ஏதோ மெஷின் நின்னுடிச்சாம், இவரு இல்லாம ஓடாதாம். பக்கத்து வீட்டு அங்கிள்கிட்ட சொல்லி அனுப்பிச்சாரு. எப்படியும் அஞ்சு மணியாவும். அதுவரைக்கும் நீங்களும் போக முடியாது, தெரியும்ல? குவார்ட்டர்ஸ் கேட்ல குடுத்தாங்களே ஸ்லிப்பு, அதுல அடியில பாருங்க. விசிட்டர் வெளிய போறதுன்னா ஸ்டாஃப் கையெழுத்து வேணும். நான் போட்டா செல்லாது. எங்க பெரியப்பா ஒரு தடவ இப்படித்தான் நாலு மணி நேரம் உக்காந்திருந்தாரு. அதுக்கப்புறம் அவரு இந்தப் பக்கமே வரல.

ஆக ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். நீங்க அஞ்சு மணி வரைக்கும். நான் எது வரைக்கும்ங்கறத நீங்கதான் சொல்லணும்.

நீங்க எழுதிக் குடுக்கப்போற லெட்டரத்தான் சொல்றேன். அப்பா உங்களுக்கு மெயில் அனுப்பினாரே, அத டைப் அடிச்சதே நான்தான். அப்பா வெச்சிருக்கற ஒன்பது துண்டும் ஒரே பிராணியோடதுதான்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கன்னா உங்க யுனிவர்சிட்டியில தோண்டறதுக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. அப்பா மறுநாளே வாலன்டரி ரிட்டயர்மென்ட் குடுத்துடுவாரு. ஃபாரம் ரெடியா இருக்கு, தேதி மட்டும் போடல. அப்புறம் இந்தக் குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு அரியலூர்ப் பக்கம் போயி, அந்தப் பொட்டல்ல மூணு வருஷம். அப்பாவும் நானும். நான் எதுக்குன்னா, அந்தப் பள்ளத்துக்குள்ள அவரால எறங்க முடியாது, முட்டி போச்சு. ஏழு வருஷமா நான்தான் அவரோட முட்டி.

எழுதலன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நான் பேகம்பேட்ல வேலைக்குப் போறேன். சிரிக்காதீங்க, பல்செட் செய்யற லேபு. முகமது யூசுப்னு ஒருத்தர் நடத்தறாரு. டாக்டருங்க அனுப்பற அச்சுலேர்ந்து பல்லு செஞ்சு குடுக்கற எடம். கையில ஒரு மெழுகுக் கட்டியக் குடுத்து கடவாய்ப்பல்லு ஒண்ணு செதுக்குன்னாரு. முக்கால் மணி நேரத்துல செதுக்கிட்டேன். லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு, எங்க கத்துக்கிட்டம்மான்னாரு. சுறாக்கிட்டன்னேன். கிண்டல் பண்றேன்னு நெனச்சுட்டாரு. அம்மாதான் அந்த எடத்த விசாரிச்சுச் சொன்னாங்க. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

அம்மா இங்க இல்ல. குகட்பள்ளியில பெரியம்மா வீட்ல இருக்காங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். அங்க படுக்க எடம் இருக்கு, அவ்வளவுதான். நீங்க உக்காந்திருக்கீங்களே கட்டில், அதுக்கு அடியில பதினாலு பெட்டி. காலை உள்ள நீட்டிடாதீங்க. சமையல்கட்டு பரண்ல ஆறு. பால்கனியில வாஷிங்மெஷின் இருந்த எடத்துல ரெண்டு. அம்மா ஒருநா துவரம்பருப்பு டப்பான்னு நெனச்சு எடுத்து, ஒரு கை பல்ல அள்ளி குக்கர்ல போட்டுட்டாங்க. நாலு விசில் வந்தப்புறந்தான் தெரிஞ்சிது. அப்பா ஓடி வந்து, பல்லுக்கு ஒண்ணும் ஆவலியேன்னு கேட்டாரு. அந்த வாரம் போனவங்கதான், நாலு வருஷமாச்சு. ஞாயித்துக்கிழமை வருவாங்க, சமைச்சு வெச்சுட்டு, எனக்குத் தலை வாரிவிட்டுட்டுப் போவாங்க. பேரு புஷ்பா. நீங்க பாத்தா உங்களுக்குப் புடிக்கும், அதிகம் பேசமாட்டாங்க.

ஆனா அவங்க மேல தப்புச் சொல்லவே முடியாது. மொதல் நாளே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பா பொண்ணு பாக்கப் போனாரே, அம்மா ஊரு அந்தப் பொட்டல ஒட்டித்தான். காபி குடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்னு எந்திரிச்சுப் போனவரு, ரெண்டு மணி நேரம் ஆளக் காணோம். மாப்பிள்ளைக்குப் பொண்ணு புடிக்கல, நழுவிட்டாருன்னு முடிவே பண்ணிட்டாங்க. காபியெல்லாம் ஆறிப்போச்சு. அப்புறம் மனுஷன் சட்டையெல்லாம் செம்மண்ணு அப்பிக்கிட்டு வராரு, உள்ளங்கையில ஒரு சுறாப்பல்லு. எல்லாரும் இருக்கற எடத்துல அத நீட்டி, இங்க கடல் இருந்திருக்குங்கன்னாராம். எங்கம்மா என்ன சொல்லுவாங்க தெரியுமா? உங்கப்பா என்னப் பாத்தது ரெண்டாவதாத்தான்.

சரி நீங்க பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன். பேசாம இருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். இந்த வீட்ல பேச ஆள் இல்ல. அப்பா பேசுவாரு, ஆனா பத்து கோடி வருஷத்துக்கு இந்தப் பக்கம் நடந்ததப் பத்தி ஒண்ணும் பேசமாட்டாரு.

படிப்பா? இன்டர் ஃபர்ஸ்ட் இயரோட, அதான் ப்ளஸ் ஒன்னோட, நிறுத்திட்டேன். இல்லல்ல, அப்பாவால இல்ல. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க, அவரே அப்படித்தான் நெனைக்கறாரு. எனக்குப் புடிக்கல, அவ்வளவுதான். ஃபிசிக்ஸ்ல போச்சு, சப்ளிமென்டரிக்குப் பீஸ் கட்டினாங்க, நான் போயி எழுதல. சென்டருக்குப் போறேன்னு போயி எதிர்க்க டீக்கடை பெஞ்சுல மூணு மணி நேரம் உக்காந்திருந்துட்டு வந்தேன். வந்ததும் சொல்லிட்டேன். எனக்குப் பொய் சொல்ல வராது மேடம். வராதுன்னா, சொன்னா அத வெச்சுக்கிட்டு இருக்க முடியாது. சரி விடுங்க.

இந்தா பாருங்க, இதுதான் அந்த டிரே. நான் எடுத்துத் தரேன், கையில வாங்கறப்போ அடியில ஒரு கை குடுங்க. அப்பா இருந்தா மொதல்ல கை கழுவச் சொல்லுவாரு. மூணு முதுகெலும்பு, ஆறு பல்லு. உங்களுக்குச் சொல்லணுமா என்ன, இருந்தாலும் அவரு சொல்லிக்குடுத்தபடி சொல்றேன். சுறாப்பல்லுன்னா தட்டையா, முக்கோணமா, ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். இது அப்படியில்ல. உருண்டை, கூரு, நீளவாக்குல கோடு கோடா. இது மீனில்ல, மீன் மாதிரி ஒடம்பும் முதலை மாதிரி வாயும் இருந்த ஊர்ற ஜாதி. இக்தியோசார். கடல்லயே குட்டி போடும். முதுகெலும்பு கேரம் ஸ்டிரைக்கர் மாதிரி, ரெண்டு பக்கமும் கிண்ணமாக் குழிஞ்சிருக்கும். தனித்தனியாக் கெடைச்சா, ஊருக்கு நாலு பேர் வெச்சிருக்காங்க. ஒரே எடத்துல பல்லும் எலும்பும் சேந்து கெடைச்சா, அது ஒரு ஆளு. ஒரு பிராணி. செத்து விழுந்த எடம். அடியில மண்டையோடு இருக்கும், விலா இருக்கும். அதான் அவரு ஏழு வருஷமா தேடறாரு.

நல்லா லென்ஸ் வெச்சுப் பாருங்க. இந்த முதுகெலும்ப மொதல்ல பாருங்க. சந்துல ஒட்டியிருக்கற மண்ணு என்ன கலரு? மஞ்சள். சரி, இது? இதுல துரு மாதிரி செவப்பு. மூணாவதுல மண்ணே இல்ல, ஜிப்சம் ஒட்டியிருக்கு, கண்ணாடித் தூள் மாதிரி. இது அப்பாவோட விளக்கம், எழுதிக்குங்க: மழைத்தண்ணி வேற வேற வழியில வந்து போயிருக்கும். ம். நீங்க என்ன நெனைக்கறீங்க?

இருக்கலாமா. சரி.

அப்போ பல்லு பாருங்க. இந்த ரெண்டும் நல்லாத் தேய்ஞ்சிருக்கு, கெழட்டுப் பல்லு. இது புதுசு, கூரு அப்படியே இருக்கு. ஒரே வாயில இப்படி இருக்குமா? விழுந்து மொளைக்குமா. ஹவ், ஆமா, அதயும் அப்பா சொன்னாரு, அந்த ஜாதிக்குப் பல்லு விழுந்து விழுந்து மொளைக்கும்னு. எதக் கேட்டாலும் அவருகிட்ட பதில் இருக்கும் மேடம். நீங்க அவர விடப் பெரிய படிப்புன்னு நெனச்சேன்.

கோவமில்ல. நான் எப்பவும் இப்படித்தான் பேசுவேன். டீ போடட்டுமா? நக்கோவா, வேணாமா. சரி, பிஸ்கட்டாவது எடுத்துக்குங்க.

போட்டோ இந்தக் கவர்ல இருக்கு. கெடைச்ச அன்னிக்கு எடுத்தது. அந்த செருப்புக் காலு என்னோடதுதான், பதினோரு வயசு. எப்படி நடந்துச்சுன்னு முழுசாச் சொல்றேன், அவரு சொன்னா அழகா இருக்கும், நான் சொன்னா சீக்கிரம் முடியும்.

அந்த எடம் நீங்க பாத்திருப்பீங்க, இல்ல, படத்துலயாவது. மழை அறுத்து அறுத்து எல்லாம் ஓடையா இருக்கும். ஒரு மரம் கெடையாது. சில ஓடை, ஆளு தோளு நுழையற அகலந்தான். அப்பா அப்பவே குண்டு. அதனால எனக்கு இடுப்புல கயிறு கட்டி எறக்கிவிட்டுட்டு மேல குடை புடிச்சுக்கிட்டு நிப்பாரு. நான் உள்ள நடந்து போவேன், கயிறு போற தெசையப் பாத்து அவரு மேலயே வருவாரு. மழை பெஞ்ச மறுவாரம் போனாத்தான் புதுசாக் கண்ணுல படும். ஒண்ணு பாத்துட்டா தொடக்கூடாது. அதுதான் சட்டம். இருக்கற எடத்துலயே விட்டுட்டு, பக்கத்துல ஆணி அடிக்கணும், செவப்பு நூல் கட்டணும், ஸ்கேல் வெச்சு போட்டோ புடிக்கணும், கூப்பிடணும். அவரு மேலயிருந்து இது எத்தனையாவது ஓடை, எந்த வளைவுன்னு எண்ணி நோட்ல படம் போடுவாரு. அப்புறம் நம்பர் குடுப்பாரு. அப்புறந்தான் எடுக்கலாம். எடம் தெரியாத எலும்பு வெறும் கல்லும்மா, அப்படிம்பாரு. ஒரு துண்டுக்கு அரைமணி நேரம் போவும். நான் பத்து வயசுலேர்ந்து செய்யறேன், ஆணி அடிக்கறதுல என்ன மாதிரி யாரும் கெடையாது.

அன்னிக்கு பதினோரு மணி வாக்குல நான் கீழயிருந்து குரல் குடுத்தேன். அப்பா, இங்க ஒன்பது இருக்குன்னேன். ஒன்பதான்னாரு. ஒன்பதுன்னேன். பல்லா எலும்பான்னாரு. ரெண்டுமேன்னேன்.  அப்புறம் குடைய விட்டுட்டு, கயித்த விட்டுட்டு, அந்தச் சரிவுல சறுக்கிக்கிட்டே வந்தாரு. பாதியில கால் மடங்கி விழுந்தாரு. முட்டியில அப்பவே ஏதோ அறுந்திருக்கு. வலிக்குதான்னா வலிக்கலங்கறாரு. ஒக்காந்துக்கிட்டே தவழ்ந்து வந்து பாத்தாரு. எங்கப்பா அழுது நான் அன்னிக்குத்தான் பாத்தேன். என்னத் தூக்க முடியல அவரால, நான் பெரிசாயிட்டேன்ல, அதனால காலப் புடிச்சுக்கிட்டாரு. இந்தப் போட்டோல கொஞ்சம் ஆடியிருக்கு பாருங்க, அழுதுக்கிட்டே எடுத்தாரு.

லேபிள்ல சௌ-ஒண்ணு, சௌ-ரெண்டுன்னு போட்டிருக்காரே, அது என் பேரு. சௌம்யா. மத்ததெல்லாம் ஓடை நம்பர்லதான் இருக்கும், இந்த டிரேக்கு மட்டும் என் பேரு. ஆராய்ச்சிப் பேப்பர் வந்தா பிராணிக்கே என் பேர வைக்கச் சொல்லிக் கேக்கப்போறாரு உங்ககிட்ட. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கோடை லீவு, ஒவ்வொரு தீபாவளி. மத்தப் புள்ளைங்க துணி எடுக்கப் போவும், நாங்க ரயில்ல பிரஷ்ஷும் சின்ன உளியும் எடுத்துக்கிட்டுப் போவோம். அந்த ஒரே எடம். நான் உள்ள, அவரு மேல. ரெண்டடிக்கு ரெண்டடி, பல்லு தேய்க்கற மாதிரி பிரஷ்ல மண்ணத் தள்ளணும். ஒண்ணுமில்ல. அடுத்த வருஷமும் ஒண்ணுமில்ல. கீழ இருக்கும்மாம்பாரு. இன்னும் கீழ. நான் அந்தப் பள்ளத்துல உக்காந்து மேல பாத்தா, ஒரு துண்டு வானம், அதுல ஒரு குடை, குடைக்குக் கீழ அவரு மொகம். பத்து கோடி வருஷம் அங்கயே கெடந்த பிராணிக்குக் கூட அவ்வளவு சலிப்பா இருந்திருக்காது.

ஹவ் மேடம், நீங்க கேக்கற பத்தாவது துண்டு, அதுவும் பல்லுதான். அது தனி டப்பாவுல இருக்கு, தரேன். மூணு வருஷம் முன்னாடி கெடைச்சது. மூணடி ஆழத்துல. மேல கெடக்கறது தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்ததா இருக்கலாம், தோண்டி எடுத்தது அப்படி இல்லன்னு அப்பா மெயில்ல எழுதினதே அதுக்காகத்தான். அத வெச்சுத்தான் நீங்க இவ்வளவு தூரம் வந்தீங்க, எனக்குத் தெரியும்.

அதுலயும் மண்ணப் பாருங்களேன். நல்லாப் பாருங்க. மண்ணு எதுவுமே இல்லல்ல? சந்துல கூட இல்ல. மூணடி களிமண்ணுக்குள்ள இருந்து வந்தது, அவ்வளவு சுத்தமா இருக்குமா?

நான் கழுவியிருப்பேனா. சரிங்க. அப்படியும் இருக்கலாம்.

என்னத்த நோட்ல எழுதறீங்க? லெட்டருக்கு இப்பவே வரைவா? ஒரே பிராணியோடதுன்னு கருத இடமிருக்குன்னா. இங்கிலீஷ்ல எப்படி எழுதினாலும் அதுதானே அர்த்தம். அப்பா வந்தா காட்டுவீங்க. அவரு படிப்பாரு, கண்ணாடியத் தொடைச்சுட்டு திரும்பப் படிப்பாரு. அப்புறம் ஃபாரத்த எடுத்து தேதி போடுவாரு.

பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க மேடம்.

நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு பாத்தேன். மத்தியானத்திலேர்ந்து அதுக்குத்தான் ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டிக்கிட்டிருக்கேன். மஞ்சள் மண்ணு, செவப்பு மண்ணு, தேய்ஞ்ச பல்லு. பெரிய படிப்பு படிச்சவங்க பாத்த ஒடனே, இல்லம்மா இது ஒரே பிராணி இல்லன்னு சொல்லிடுவாங்க, நான் வாயத் தொறக்கவே வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன். அப்பாவுக்கும் அது ஒரு மரியாதையா இருக்கும், சயின்ஸ் சொல்லிடிச்சுன்னு போயிடும். நீங்க என்னடான்னா எல்லாத்துக்கும் இருக்கலாம் இருக்கலாம்னு சொல்றீங்க.

அது ஒரு எடமில்ல. ஒன்பது எடம்.

அன்னிக்கு விடிஞ்சதும் எறங்கிட்டேன். ஓடை மாத்தி ஓடை. அவ்வளவு மழைக்கப்புறம் எங்க பாத்தாலும் ஏதாவது ஒண்ணு கெடந்துச்சு. மொதல்ல ஒண்ணுக்கு ஆணி அடிக்கலாம்னு பாத்தேன், அப்புறம் அடிச்சுக்கலாம்னு கையில எடுத்துக்கிட்டேன். அடுத்ததையும் எடுத்துக்கிட்டேன். டிராயர் பாக்கெட்டு ரொம்பிடுச்சு. எது எந்த ஓடைன்னு அஞ்சாவதுக்கப்புறம் எனக்கே மறந்துடுச்சு. பசி வேற. புளிசாதம் மேல அப்பாகிட்ட இருக்கு. ஒன்பது துண்டு, துண்டுக்கு அரைமணின்னா நாலரை மணி நேரம். ஆணி அடி, நூல் கட்டு, போட்டோ, நம்பரு. தொட்டுட்டேன்னு சொன்னா அத்தனையையும் தூக்கிப் போடச் சொல்லுவாரு, ஒரு மணி நேரம் அட்வைஸ் வேற. அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல கொட்டினேன், அள்ளிக் கொஞ்சம் மண்ணு தூவினேன், ஒரு ஆணிதான அடிக்கணும்னு. ஒரு ஆணி, ஒரு போட்டோ, அப்புறம் சாப்பாடு. அவ்வளவுதான் மேடம் கணக்கு. அது ஒரு பிராணியா மாறும்னு எனக்கு எப்படித் தெரியும்? அவரு வந்து காலப் புடிச்சுக்கிட்டாரு. அந்த நேரத்துல எப்படிச் சொல்றது. முட்டி வேற வீங்கிக்கிட்டே வருது. சரி நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

இல்ல, நீங்க சொல்றது சரி. பத்தாவதா வந்த பல்லு தோண்டி எடுத்ததுதானேன்னு கேப்பீங்கன்னு தெரியும்.

அது இந்தக் கட்டிலுக்கு அடியில பதினோராவது பெட்டியில இருந்தது. எந்த வருஷமோ எங்கயோ எடுத்தது, லேபிள் கிழிஞ்சு போனது. எடம் தெரியாத எலும்பு. அவருக்கு ஞாபகமிருக்காதுன்னு பாத்துத்தான் எடுத்தேன்.

மூணு வருஷம் முன்னாடி, அந்தக் கோடையோட விட்டுடறேன்னு அவரே சொல்லிட்டாரு மேடம். போறப்ப ரயில்லயே சொல்லிட்டாரு, இதுதாம்மா கடைசி, இதோட உன்னத் தொந்தரவு பண்ணமாட்டேன்னு. நாலு நாள் தோண்டினோம், ஒண்ணுமில்ல. அஞ்சாவது நாள் மேல உக்காந்து உளியெல்லாம் தொடைச்சுச் சாக்குல போட்டுக் கட்டிக்கிட்டிருந்தாரு. நான் கீழயிருந்து பாத்துக்கிட்டிருந்தேன். இன்னும் பத்து நிமிஷம் சும்மா இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். அம்மா திரும்பி வந்திருப்பாங்க. நான் ரயிலேறி வந்து வேற என்னமாவது பண்ணியிருப்பேன்.

பல்லு பாக்கெட்ல இருந்துச்சு. ரயிலேறறதுக்கு முன்னாடியே எடுத்துப் போட்டுக்கிட்டுத்தான் கெளம்பியிருந்தேன். ஏன்னு கேக்காதீங்க. பதினோரு வயசுல பசிச்சுது, சரி. பதினஞ்சு வயசுல பசியெல்லாம் இல்ல. அவரு சாக்குக் கட்டறதப் பாத்தேன், கட்ட வரல அவருக்கு, கயிறு நழுவி நழுவிப் போச்சு. மண்ணுல கட்டை விரலால அழுத்தி வெச்சு, மேல மண்ணத் தள்ளி, பிரஷ்ஷால தடவிட்டு, அப்பா இங்க ஒண்ணுன்னேன்.

அவரு சாக்க அவுத்துட்டாரு.

கேட் சத்தம் கேக்குதா. அவருதான், அந்தக் கால இழுத்துத்தான் வருவாரு, படி ஏற நேரமாவும். இல்ல மேடம், நீங்க எதுவும் சொல்ல வேணாம், நானே சொல்லிக்கறேன். எந்திரிக்காதீங்க. அப்படியே உக்காந்திருங்க. வெளியாளு இருந்தா அவரு அழமாட்டாரு.